மத்தியானத்தில் மட்டும் நின்றுபோன கேம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேம் பாதியில் மூடிக்கொள்ள ஆரம்பித்தது மார்ச் மாதக் கடைசியில். காரணம் பிடிபட்டது மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. இடையில் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் நாங்கள் செய்த தப்புகளையும், பிறகு சரியான வழிக்கு வந்த விதத்தையும் எழுதி வைக்கிறேன். இதே தொல்லையில் இருக்கும் யாராவது ஒருவருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் செலவு மிச்சமானால் நல்லது. நாங்கள் அந்தச் செலவுக்கு மிக அருகில் போய்த் திரும்பினோம்.

மெஷின் 2020இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்தது. ரைசன் 5 3600 பிராசசர், 8 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு, நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ். வீடு வேலூரில். கம்ப்யூட்டர் இருப்பது மாடி அறையில், அதற்கு மேலே வெறும் மொட்டைமாடி. வேலூர் வெயிலைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் பிறந்துவிட்டால் பகல் ஒரு மணிக்கு மேல் அந்த அறையில் சுவரைத் தொட்டாலே சூடு தெரியும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் இருந்த இந்த விஷயம்தான் எங்களுக்குக் கடைசியாகப் புரிந்தது.

பையன் பிளஸ் ஒன் முடித்த விடுமுறையில் இருந்தான். அவன் விளையாடுவது யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டுக் கம்பெனி ஒன்று 2012இல் வெளியிட்ட கேம். சரக்கு லாரியை ஐரோப்பிய சாலைகளில் ஓட்டிப் பணம் சம்பாதித்து, சொந்த லாரி வாங்கி, கம்பெனி நடத்த வேண்டும். நம் ஊர்ப் பையன்கள் அதில் பஸ் மோட், அதாவது ரசிகர்கள் செய்த கூடுதல் ஃபைல், போட்டுக்கொண்டு ஓட்டுகிறார்கள். நம்ம ஊர் அரசு பஸ்ஸின் பச்சை நிறத்தில் ஒரு பஸ், பிரான்சின் கலேயில் கிளம்பி ஜெர்மனியின் டியூஸ்பர்க் வரை போகும். ஹாரன் சத்தம்கூட நம் பஸ் மாதிரியே இருக்கும். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுண்டு.

ஒரு நாள் மாலை ஆபீசிலிருந்து வந்ததும், "அப்பா, கேம் தானா வெளிய வந்துடுது" என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, "என்னடா புதுசா போட்ட?" அவன் முந்தின வாரம் ஒரு புது பஸ் மோட் போட்டிருந்தான். நான் அதற்கு இரண்டு நாள் முன்பு கிராபிக்ஸ் டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் சாஃப்ட்வேரை, அப்டேட் செய்திருந்தேன். சரி, இரண்டில் ஒன்றுதான் என்று முடிவுகட்டினோம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை செய்ததைச் சொல்கிறேன், யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். காலையில் மோட் எல்லாவற்றையும் எடுத்தோம். டிரைவரை முழுக்கத் துடைத்துவிட்டுப் பழையதைப் போட்டோம். கேபினட்டைத் திறந்து ப்ளோயர் வைத்துத் தூசி தட்டினோம். விண்டோஸ் அப்டேட் காத்திருந்தது, அதையும் விட்டோம். கேமை வாங்கி இறக்கிய ஸ்டீம் என்ற ஆப்பில் கேம் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, அதையும் ஓட்டினோம். ஐந்து வேலை, ஒரே நாள். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கேம் நிற்கவே இல்லை. பையனுக்குச் சந்தோஷம். எனக்கும் ஒரு பெரிய வேலையை முடித்த திருப்தி. டிரைவர்தான் காரணம் என்று ஆபீஸ் நண்பரிடம் சொல்லக்கூடச் செய்தேன்.

புதன்கிழமை மறுபடியும் நின்றது.

அந்தத் திங்களும் செவ்வாயும் கோடை மழை பெய்தது. அது எங்கள் நினைவுக்கு வர மூன்று வாரம் ஆனது. ஐந்து வேலையை ஒன்றாகச் செய்ததால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லாமல் போனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு குறைந்தது இரண்டு மூன்று நாள் அதே மாதிரி ஓட்டிப் பார்க்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஒரு குழந்தை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்போது கை பரபரக்கத்தான் செய்யும்.

அதற்கப்புறம் கடைக்குக் கொண்டுபோனேன். பழகிய இடம்தான். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாகத்தான் ஓடியது. ஏசி போட்ட கடை. கார்டு பழசாகிவிட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்குப் பக்கம். அவர்கள் வேண்டுமென்று சொன்னதாக நான் நினைக்கவில்லை. அரைமணி நேரத்தில் அதைவிட நல்ல பதில் யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் மெஷின் எப்போது, எப்படி நிற்கிறது என்று நான் அவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லவும் இல்லை. சொல்லும்படி என்னிடம் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையனின் பழைய கணக்கு நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் கோடு போட்டோம். தேதி, மணி, கேம் திறந்து எத்தனை நிமிஷத்தில் நின்றது, அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, எப்படி நின்றது. கடைசிக் கட்டத்தில் அறையின் சூடு. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த சின்ன தெர்மாமீட்டரை மாடிக்குக் கொண்டுபோய் மானிட்டர் பக்கத்தில் வைத்தோம். சூட்டை எழுதலாம் என்றது பையன். நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எப்படி நின்றது என்ற கட்டம் முக்கியம். கேம் நின்றுவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அதில் மூன்று வகை இருக்கிறது. ஒன்று, கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்பது. மற்ற எல்லாம் வழக்கம்போல் இருக்கும். இரண்டாவது, திரை உறைந்து கறுத்துப்போய், சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு, சில நொடியில் திரும்பி வருவது அல்லது வராமலே போவது. கிராபிக்ஸ் கார்டு இரண்டு நொடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை நிறுத்தி மறுபடி கிளப்பும். அப்போது வரும் காட்சி இது. இங்கே கார்டையும் டிரைவரையும் சந்தேகிக்கலாம். மூன்றாவது, மெஷினே டப்பென்று அணைவது அல்லது ரீஸ்டார்ட் ஆவது. அப்போது முதலில் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், ஒயர், அப்புறம் பிராசசர் சூடு.

மெஷின் ரீஸ்டார்ட் ஆனவர்கள் விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று பலர் புதிதாக வாங்கிவிடுகிறார்கள். அந்த வரிக்கு அர்த்தம், போன தடவை மெஷின் முறைப்படி அணைக்கப்படவில்லை என்பது மட்டும்தான். வீட்டில் கரண்ட் போனாலும் அதே வரி விழும்.

எங்கள் நோட்டில் பத்து நாளில் பதினான்கு வரி சேர்ந்தது. பதினான்கும் முதல் வகை. ஒரு தடவைகூட மெஷின் அணையவில்லை, திரை கறுக்கவில்லை. அதனால் எஸ்எம்பிஎஸ்ஸை ஓரமாக வைத்தோம். ஆனால் அந்தப் பக்கம் பார்த்ததில் வேறு ஒன்று கிடைத்தது. கேபினட்டைத் தொட்டால் சில சமயம் கையில் சுருக்கென்று லேசாக அடிக்கும், நாங்கள் பழகிப்போயிருந்தோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் எர்த் ஒயர் சேர்க்கப்படவே இல்லை. கேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் உங்கள் கேபினட்டில் அப்படி அடித்தால் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அதில் குழந்தை கை வைக்கிறது.

இனி விண்டோஸ் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று பார்க்கும் வேலை. ஈவன்ட் வியூவரில் ஆயிரம் வரி இருக்கும், புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். அதைவிட எளிதானது ரிலையபிலிட்டி ஹிஸ்டரி. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று அடித்தாலே வந்துவிடும். நாள்வாரியாகக் கட்டம் போட்டு, எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புக் குறி வைத்துக் காட்டும். ஒரு குறியைத் திறந்தால் இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். ஒன்று எக்ஸெப்ஷன் கோட். இன்னொன்று ஃபால்ட்டிங் மாட்யூல், அதாவது எந்த ஃபைல் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்பது.

எங்களுக்கு வந்த கோட் எப்போதும் ஒன்றேதான். சி என்று ஆரம்பித்து, ஆறு பூஜ்யம் வந்து, 5 என்று முடியும். ஆக்சஸ் வயலேஷன் என்பார்கள். தனக்குச் சொந்தமில்லாத நினைவக முகவரியில் ஒரு புரோகிராம் கை வைத்தால் விண்டோஸ் அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இந்தக் கோட் மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கேமில் பிழை இருந்தாலும் வரும், மோட் சரியில்லை என்றாலும் வரும், ரேம் கெட்டிருந்தாலும் வரும்.

விஷயம் இரண்டாவது வரியில் இருந்தது. ஏப்ரல் 9, கேமின் சொந்த ஃபைல். ஏப்ரல் 10, விண்டோஸின் ஃபைல். ஏப்ரல் 12, கிராபிக்ஸ் டிரைவரின் ஃபைல். ஏப்ரல் 13, சத்தம் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு ஃபைல். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர். இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், கேமே ஓடாத நேரத்திலும் ஒரு குறி. அது பிரவுசர். இதில் பதிவாகாத இன்னொன்று, பையன் ஒரு பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தபோது வந்த சிஆர்சி பிழை, அதாவது ஃபைலில் இருப்பது சரிபார்ப்பு எண்ணோடு பொருந்தவில்லை என்பது. டவுன்லோடு சரியில்லை என்று நினைத்து அவன் திரும்ப இறக்கியிருக்கிறான். அதே ஃபைலை ராத்திரி பிரித்தபோது ஒன்றும் ஆகவில்லை.

இதை நான் பெரிதாக மதிக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஒரே இடத்தில், ஒரே ஃபைலில், ஒரே மாதிரி விழுந்தால் பெரும்பாலும் சாஃப்ட்வேர் பக்கம். இடம் மாறி, பெயர் மாறி, கேமைத் தாண்டி மற்ற புரோகிராம்களும் சேர்ந்து விழுந்தால், எல்லோருக்கும் பொதுவான ஒன்று ஆடுகிறது என்று அர்த்தம். வீட்டில் ஒரு பல்பு மட்டும் மின்னினால் பல்பைப் பார்ப்போம், எல்லா பல்பும் மின்னினால் மெயினைப் பார்ப்போம், அது மாதிரி.

நடுவில் ஒரு குழப்பமும் வந்தது. நோட்டில் மூன்று வரி மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. மூன்றும் காலை நேரம், மூன்றும் கேம் லோடாகும்போதே விழுந்தவை. இந்தக் கேம் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் தனக்கென்று ஒரு லாக் ஃபைலும் ஒரு கிராஷ் ஃபைலும் எழுதும். அந்த லாக்கின் கடைசி வரிகளைப் படித்தால், ஒரு பழைய பஸ் மோட் கேமின் புதிய பதிப்போடு சேராமல் பிழை மேல் பிழை எழுதியிருந்தது. அந்த மோட்டை எடுத்ததும் காலைத் தொல்லை போய்விட்டது. அதாவது எங்கள் மெஷினில் இரண்டு நோய் இருந்திருக்கிறது. ஒன்றின் அடையாளத்தை இன்னொன்றுக்கு ஒட்டவைத்துப் பார்த்ததால்தான் அவ்வளவு நாள் ஒன்றும் பொருந்தவில்லை. பிரித்த பிறகு மீதி பதினொரு வரியும் ஒரே மாதிரி தெரிந்தன. பகல் பன்னிரண்டரைக்கும் மாலை ஐந்துக்கும் நடுவில். கேம் திறந்து முப்பதிலிருந்து ஐம்பது நிமிஷம். அறைச் சூடு 36 டிகிரிக்கு மேல்.

சூடுதான் என்று தெரிந்ததும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச புரோகிராமைப் போட்டோம். மெஷினுக்குள் இருக்கும் எல்லா சென்சாரையும் அது காட்டும், நடுவே வந்த அதிகபட்ச அளவையும் வைத்திருக்கும். கேம் ஓடும்போது பிராசசர் அதிகபட்சம் 83. அந்த பிராசசருக்கு வரம்பு 95. கார்டு 77. இரண்டும் சூடுதான், ஆனால் நிற்கும் அளவுக்கு இல்லை. பிறகு கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை நேராக உள்ளே திருப்பி வைத்து ஓட்டினோம். அன்றைக்கு அறை 38 டிகிரி. கேம் இரண்டரை மணி நேரம் நிற்கவே இல்லை. மறுநாள் தகட்டை மாட்டினோம், நாற்பத்தோராவது நிமிஷத்தில் நின்றது. மூன்றாம் நாள் மறுபடி கழற்றினோம், நிற்கவில்லை. செலவே இல்லாத பரிசோதனை. உங்களுக்குச் சூட்டின் மேல் சந்தேகம் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

சூடு படுகிறது, அடிபடுவது பிராசசரும் இல்லை, கார்டும் இல்லை. அப்படியானால் சூடு படுகிற, ஆனால் எங்களுக்குச் சூடு காட்டாத பொருள் எது? எங்கள் ரேம் ஸ்டிக்குகளில் சென்சார் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு கக்கும் சூடு நேராக மேலே போய் அவற்றின் மேல்தான் படுகிறது.

ரேம் ஏன் சூட்டுக்கு அஞ்சுகிறது என்று நான் தேடிப் படித்தேன், ஆர்வமான விஷயம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். ஒவ்வொரு பிட்டும் மிகச் சின்ன ஒரு கெப்பாசிட்டரில் மின்னூட்டமாக நிற்கிறது. அது ஓட்டைப் பானைத் தண்ணீர் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்குள் எல்லாவற்றையும் ஒரு சுற்று படித்துத் திரும்ப நிரப்புகிறார்கள். சூடு ஏறினால் கசிவு வேகமாகும். வேகத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் நேரக் கணக்கிலும் இடைவெளி குறைவு. இரண்டும் சேரும்போது எங்கோ ஒரு 0, 1 ஆகிவிடும். அது படத்தின் நிறத்தில் ஆனால் யாருக்கும் தெரியாது. முகவரியில் ஆனால் கேம் மூடிக்கொள்ளும்.

அப்போதுதான் ஜனவரி ஞாபகம் வந்தது. பையன் முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டர் என்ற சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டான் என்று பொங்கலுக்கு 8 ஜிபி ஸ்டிக் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டிருந்தேன். வேறு கம்பெனி ஸ்டிக், ஆனால் மேலே எழுதியிருக்கும் வேகம் ஒன்றே, 3200. இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அதனால் சந்தேகப் பட்டியலிலேயே அது இல்லை. புதிதாக என்ன மாற்றினோம் என்று யோசிக்கும்போது முந்தின வாரத்தோடு நிறுத்தாதீர்கள். பனிக்காலத்தில் போட்ட பொருள் வெயில் காலத்தில்தான் தன் குணத்தைக் காட்டும்.

மெம்டெஸ்ட்86 என்ற கருவியைப் பென்டிரைவில் ஏற்றினோம். விண்டோஸுக்குள் போகாமல் பென்டிரைவிலிருந்தே பூட் செய்து ரேம் முழுவதையும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும். இலவசப் பதிப்பு நான்கு சுற்று வரை ஓடும். 32 ஜிபிக்கு நேரம் பிடிக்கும் என்பதால் ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுப் படுத்தோம். காலையில் ஆவலோடு போய்ப் பார்த்தால், நான்கு சுற்றும் முடிந்து, பிழை பூஜ்யம்.

மனசு விட்டுப்போனது. அன்று மாலை கார்டு விலையை மறுபடியும் விசாரித்தேன். சாப்பிடும்போது பையன்தான் கேட்டான். "ஏம்பா, கேம் மத்தியானந்தான நிக்குது. நாம ஏன் ராத்திரி டெஸ்ட் பண்ணோம்?"

தட்டில் கை அப்படியே நின்றது. நோட்டு முழுக்க எழுதி வைத்திருக்கிறோம், சூடு என்று கண்டுபிடித்திருக்கிறோம், அப்புறமும் குளிர்ந்த நேரத்தில் சோதித்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு, மே மாதம் இரண்டாவது ஞாயிறு, பகல் ஒரு மணி. அறைச் சூடு 38. ஜன்னல், தகடு எல்லாம் வழக்கம்போல் மூடியபடி. முதலில் நாற்பது நிமிஷம் கேமை ஓட்டி உள்ளே சூடேற்றினோம். உடனே ரீஸ்டார்ட் செய்து பென்டிரைவில் பூட். முதல் சுற்றில் பாதி கூட ஆகவில்லை, பையன் "அப்பா!" என்று கத்தினான். ஒரு வரி விழுந்திருந்தது. இருக்க வேண்டியது இது, இருப்பது இது என்று இரண்டு நீளமான எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இரண்டையும் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டோம். எல்லாம் ஒன்று, ஒரே ஒரு இலக்கம் மட்டும் வேறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி. பத்து நிமிஷத்தில் ஏழு. ஆறு வாரமாக எங்களைச் சுற்ற வைத்தது அந்த ஒரு இலக்கம்தான். எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணால் பார்த்ததில் ஒரு நிம்மதிதான் வந்தது.

பிழை வந்ததும் ஸ்டிக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிட்டு, கேபினட்டின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கிளிப்பை விலக்கினால் ஸ்டிக் மேலே வரும். தங்க நிறப் பக்கத்தை விரலால் தொடாதீர்கள். இரண்டு ஸ்டிக் மட்டும் போடுவதென்றால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். உங்கள் போர்டின் கையேட்டில் படம் இருக்கும், ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே அழுத்தும்போது டக் என்று சத்தம் வர வேண்டும். பாதி உட்கார்ந்த ஸ்டிக்கே பல வீடுகளில் காரணம்.

பழைய இரண்டை மட்டும் போட்டு மத்தியானம் சோதித்தோம். பிழை இல்லை. மறுநாள் புதிய இரண்டை மட்டும். அதிலும் இல்லை. இங்கே நான் திகைத்துவிட்டேன். நான்கையும் மறுபடி போட்டோம், பிழை வந்தது. எந்த ஸ்டிக்கும் கெட்டதில்லை, நான்கும் சேர்ந்தால்தான் தகராறு.

விடை பிராசசரின் விவரக் குறிப்பிலேயே இருந்தது. ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் ரேம் வேகம் இரண்டு ஸ்டிக் வரைக்கும்தான் 3200. நான்கு ஸ்டிக் போட்டால், சிப்புகள் ஒரே தொகுப்பாக இருக்கும் சிங்கிள் ரேங்க் வகைக்கு 2933, இரண்டு தொகுப்பாக இருக்கும் டூயல் ரேங்க் என்றால் 2667. ஸ்டிக் எத்தனை கூடுகிறதோ அத்தனை சுமை, நினைவகத்தை நடத்தும் பகுதி பிராசசருக்குள்தான் இருக்கிறது. எங்கள் பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே போர்டில் ஓடும் புரோகிராமில், எக்ஸ்எம்பி என்ற அமைப்பு போடப்பட்டிருந்தது. அது நான்கையும் 3200இல், 1.35 வோல்ட்டில் ஓட்டிக்கொண்டிருந்தது. சில போர்டுகளில் இதற்கு டிஓசிபி என்று பெயர். பெட்டியில் எழுதியிருக்கும் வேகம்தானே என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஓவர்கிளாக், அதாவது உத்தரவாத வேகத்தைத் தாண்டி ஓட்டுவது, எல்லா மெஷினிலும் எல்லா எண்ணிக்கையிலும் நிற்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

பயாஸுக்குள் போய் முதலில் 2933 வைத்தோம். மத்தியானச் சோதனையில் நான்கு சுற்றில் இரண்டு பிழை. குறைந்திருக்கிறது, போகவில்லை. இரண்டு கம்பெனி ஸ்டிக் கலந்திருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 2666 வைத்தோம். நான்கு சுற்று, பிழை பூஜ்யம். மறுநாள் மத்தியானமும் பூஜ்யம். ரேம் வேகத்தை மாற்றியதும் முதல் தடவை திரை வர ஒன்றிரண்டு நிமிஷம்கூட ஆகலாம், போர்டு அந்த ஸ்டிக்குகளைப் பழகிக்கொள்கிறது. பயந்துபோய் பவரைப் பிடுங்காதீர்கள். வெகுநேரம் வரவே இல்லை என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியைச் சில நிமிஷம் எடுத்து வைத்துத் திரும்பப் போட்டால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வேகம் குறைந்ததே, கேம் மந்தமாகுமா என்று பையன் கவலைப்பட்டான். நகரத்துக்குள் போகும்போது எண்ணில் கொஞ்சம் குறைந்திருக்கலாம். உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத் தெரியவில்லை, அவனே சொன்னான். பணச் செலவு என்று பார்த்தால் எர்த் ஒயருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுத்ததுதான்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது, பலர் இதைச் செய்யாமல் விடுகிறார்கள். ரேம் தப்பாக இருந்த நாட்களில் மெஷின் டிஸ்கில் எழுதியதெல்லாம் அந்த ரேம் வழியாகப் போனதுதான். அப்டேட்டுகளும் அந்தச் சமயத்தில்தான் ஏறின. அதனால் அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்த்துச் சரிசெய்யும் டிஐஎஸ்எம் என்ற கட்டளையையும் அதற்குப் பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்பதையும் ஓட்டினோம். கெட்டுப்போன ஃபைல்கள் இருந்தன, சரிசெய்துவிட்டேன் என்று காட்டியது. ஸ்டீமிலும் சரிபார்க்கச் சொன்னோம், ஒரு ஃபைல் தவறு என்று சொல்லித் திரும்ப இறக்கிக்கொண்டது. ரேமைச் சரிசெய்வதற்கு முன்பு இதே சோதனையை நாங்கள் ஓட்டியபோது ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணிக்கை காட்டியது. அதுவே அப்போது ஒரு அறிகுறி, கவனிக்காமல் விட்டோம்.

சேவ் ஃபைல் விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலேயே தப்பித்தோம். பையன் இரண்டு வருஷமாக நடத்தும் லாரிக் கம்பெனி அந்த ஃபோல்டரில் இருக்கிறது. பதினான்கு லாரி, ஆறு ஊரில் ஷெட். முதல் வாரமே அதைப் பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னது என் மனைவி. என் மனைவிக்குக் கேமில் ஆர்வம் கிடையாது. ஆனால், "புள்ள ரெண்டு வருஷம் உக்காந்து செஞ்சது, மொதல்ல அத எடுத்து வைங்க" என்றாள். எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது அதுதான். படமோ, ஆபீஸ் கணக்கோ, கேமோ, அந்த மெஷினில் திரும்பக் கிடைக்காதது எதுவோ அதை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

வீடியோக்களில் சொல்லும் சில வழிகளையும் நடுவில் பார்த்தோம். விண்டோஸின் அமைப்புப் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் கார்டுக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு நொடியைக் கூட்டு, ரேம் பற்றாதபோது டிஸ்கில் பயன்படும் பேஜ் ஃபைலை அணை என்றெல்லாம். இரண்டும் வேண்டாம். முதலாவது அறிகுறியை மறைக்கும். இரண்டாவது, நல்ல மெஷினில்கூட நினைவகம் பற்றாமல் கேம் விழ வழி செய்யும்.

நோட்டு இன்னும் மானிட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. கத்திரி வெயில் முடியும் வரை பையன் தினமும் எழுதினான். கடைசி வரி மே 28: பகல் 2:10, அறை 39, கலேயிலிருந்து டியூஸ்பர்க், பச்சை பஸ், இரண்டு மணி நேரம், நிற்கவில்லை. அதற்குக் கீழே பென்சிலில், ஏப்ரலுக்குள் கேபினட்டுக்கு முன்பக்கம் இன்னொரு ஃபேன், என்று எழுதி வைத்திருக்கிறான்.